கொசஸ்தலைக் கரையில் கூழைக்கடா: வடசென்னைப் பறவைகள் கேள்வி–பதில்

கேள்வி: எண்ணூர் என்றாலே புகைபோக்கி, நிலக்கரி, கன்டெய்னர் லாரி. அங்கே பறவைகளுக்கு என்ன வேலை? (பெரம்பூர்)

பதில்: சாப்பாட்டு வேலை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகத்தில் இறால், நண்டு, மீன்குஞ்சு, சேற்றுப்புழு எல்லாம் பெருகும். பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் இந்த இடத்தை வடக்கே பழவேற்காடு ஏரியோடு இணைக்கின்றன. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், கொக்கு, ஆலா, மீன்கொத்தி, பவளக்கால் உள்ளான் என்று பெரிய கூட்டமே இந்தக் கழிமுகத்தை நம்பி வாழ்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் வந்தது. காமராஜர் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. பறவைகள் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே குடிவந்தவை.

கேள்வி: இவை உள்ளூர்ப் பறவைகளா, வெளியூரா? (திருவொற்றியூர்)

பதில்: இரண்டும் உண்டு. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் தமிழ்நாட்டிலேயே கூடு கட்டுகின்றன. அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் விருந்தாளிகள் வந்து சேரும். பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத் உள்ளிட்ட மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. கொசு உள்ளான் ஆர்க்டிக் துந்திரத்திலிருந்து வருகிறது; அதன் எடை சுமார் 25 கிராம்தான். 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் இந்தியா முக்கியமான தங்குமிடம். வலசைப் பறவையின் திறனுக்கு ஒரு கணக்கு சொல்லலாம்: 2022-இல் கருவி பொருத்தப்பட்ட ஒரு மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. இத்தகைய பயணங்களுக்கு எரிபொருள் உடம்பில் சேரும் கொழுப்பு. அதை நிரப்பிக்கொள்ளும் இடங்கள் எண்ணூர், பழவேற்காடு, கோடியக்கரை போன்ற சேற்று நிலங்கள். ஒரு சேற்றுத்திட்டு மூடப்பட்டால் அடுத்த பல ஆயிரம் கிலோமீட்டருக்கு வேண்டிய எரிபொருள் கிடைக்காமல் போகிறது.

கேள்வி: இத்தனை பறவைகளும் ஒரே சேற்றில் மேய்ந்தால் சண்டை வராதா? (எர்ணாவூர்)

பதில்: வருவது குறைவு. தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரம் பத்து நிமிடம் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். கொசு உள்ளான் தையல் இயந்திர ஊசியைப் போல விடாமல் சேற்றின் மேல்தோலைக் கொத்துகிறது; அதற்கு எட்டுவது மேலே உள்ள பூச்சியும் சிறு புழுவும்தான். உப்புக்கொத்தி சில அடி ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், கொத்தும். அதற்குக் கண்தான் முதல். கோட்டான் என்ற கரைப்பறவை (ஆந்தை அல்ல) கை விரலைவிட நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகை அடிவரை செருகி, வளைக்குள் ஒளிந்த நண்டை வெளியே இழுக்கிறது. பவளக்கால் உள்ளான் நீண்ட சிவப்புக் காலோடு தண்ணீருக்குள்ளேயே நடந்து மேய்கிறது. அலகின் நீளமும் காலின் உயரமும் பாகம் பிரித்துக் கொடுத்துவிடுவதால் ஒரே சேற்றில் பல பந்திகள் நடக்கின்றன.

கேள்வி: காசிமேட்டில் பருந்தும் கடற்காகமும் மீனைத் திருடுகின்றனவே, விரட்டினால் என்ன? (காசிமேடு)

பதில்: கூடையில் இருக்கும் மீனை மூடி வைத்துக் காப்பாற்றிக்கொள்வது நியாயம்தான். ஆனால் அவை அதிகம் தின்பது மீன் வெட்டும் இடத்தில் வீசப்படும் குடல், செவுள், அழுகல். கரும்பருந்தும் செம்பருந்தும் காகமும் கடற்காகமும் அந்தக் கழிவைத் தின்று தீர்க்காவிட்டால் அது துறைமுகத்திலேயே நாறும். ஈயும் எலியும் பெருகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பழுப்புத்தலைக் கடற்காகங்களில் பெரும்பாலானவை அதற்குள் வடக்கே கிளம்பிவிடும். பருந்தும் காகமும் ஆண்டு முழுவதும் சம்பளம் இல்லாமல் துப்புரவு செய்கின்றன.

கேள்வி: கூழைக்கடா மீனவருக்குப் போட்டிதானே? (எண்ணூர்)

பதில்: இல்லை. கூழைக்கடா இருக்கும் இடத்தில் மீன் இருக்கிறது என்று பொருள். எண்ணூர்க் கழிமுகத்தில் மீனும் இறாலும் குறைந்ததற்குக் காரணம் வேறு. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது, ஆழம் குறைந்தது, நீரோட்டம் தடைப்பட்டது. இந்த விவகாரத்தில் 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்து, ஆற்றைச் சீரமைக்க உத்தரவிட்டது. சாம்பல் படிந்த சேற்றில் புழு இல்லை. புழு இல்லாத இடத்தில் இறால் இல்லை. இறால் இல்லாத இடத்தில் வலைக்கும் வேலையில்லை, அலகுக்கும் வேலையில்லை. எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவரும் கூழைக்கடாவும் ஒரே வழக்கின் வாதிகள்.

கேள்வி: எண்ணெய் கொட்டினால் பறவை பறந்து தப்பித்துவிடாதா? (மணலி)

பதில்: தப்பிக்க முடியாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தை அடைந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரத்தின் வேர் எல்லாவற்றிலும் கறுப்பு ஏறியது. வெள்ளைக் கூழைக்கடாக்கள் பழுப்பும் கறுப்புமாகத் திரிந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

எண்ணெய் கொல்லும் விதம் இது. இறகின் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் இழைகள் கிளைக்கின்றன. அந்த இழைகளிலிருந்து இன்னும் நுண்ணிய இழைகள் பிரிகின்றன. அவற்றில் உள்ள சிறு கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தண்ணீர் புகாத ஆடையாகின்றன. எண்ணெய் பட்டதும் இழைகள் ஒட்டிப் பிரிந்து இடைவெளி விழுகிறது. தண்ணீர் தோலைத் தொடுகிறது. உடல் சூடு குறைகிறது. மிதக்கும் திறன் போகிறது. இறகு கனத்துப் பறப்பதே பாடாகிறது. பறவை அலகால் இறகைக் கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கிறது. அப்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகிறது.

கேள்வி: அப்படி ஒரு பறவை கிடைத்தால் வீட்டிலேயே ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டலாமா? (தண்டையார்பேட்டை)

பதில்: கூடாது. பயந்து களைத்த பறவையை உடனே குளிப்பாட்டினால் அதிர்ச்சியிலேயே இறந்துவிடலாம். கழுவுவது பயிற்சி பெற்றவர்கள் வெதுவெதுப்பான நீரில், பறவை ஓரளவு தேறிய பிறகு செய்யும் வேலை. கிடைத்தவர் செய்ய வேண்டியது நான்கு. பழைய துண்டால் மூடித் தூக்க வேண்டும்; பெரிய பறவையானால் அலகைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். வாயைத் திறந்து தண்ணீரோ உணவோ ஊற்றக் கூடாது. தாமதிக்காமல் வனத்துறைக்கோ ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புக்கோ தகவல் சொல்ல வேண்டும். செல்ஃபி இந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: காத்தாடி விட்டால் பறவைக்கு என்ன நஷ்டம்? (வியாசர்பாடி)

பதில்: காத்தாடியால் நஷ்டம் இல்லை, மாஞ்சாவால்தான். கண்ணாடித்தூள் பூசிய நூல் டீல் போடும்போது எதிராளியின் நூலை அறுக்கிறது. வானத்தில் அதே உயரத்தில் பறக்கும் பருந்தின் சிறகையும் கொக்கின் கழுத்தையும் அறுக்கிறது. அறுந்த நூல் மரத்திலும் மின்கம்பியிலும் சிக்கிப் பல மாதம் தொங்கும். அதில் மாட்டிய காகமும் புறாவும் விடுபட முடியாமல் சாகும். பைக்கில் போனவர்களும் குழந்தைகளும் கழுத்தறுபட்டு இறந்ததை வடசென்னை மறக்காது. நைலான், செயற்கை மாஞ்சாவுக்கு 2017 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. சாதாரணப் பருத்தி நூலிலும் காத்தாடி நன்றாக ஏறும். தெருவில் தொங்கும் நூலைச் சுருட்டிக் குப்பையில் போடுவதும் ஓர் உயிரைக் காப்பதுதான்.

கேள்வி: பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் பறவைப் பாசம்தானே? (கொருக்குப்பேட்டை)

பதில்: பாசமாக இருக்கலாம், சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பச்சைக்கிளி, முனியா, மைனா போன்ற உள்நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் தண்டனை உண்டு. பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகளில் பல சந்தைக்கு வரும் வழியிலேயே இறந்துவிடுகின்றன. வாங்குபவர் இல்லாவிட்டால் பிடிப்பவரும் இல்லை. கிளி வேண்டுமென்பவர் மொட்டைமாடியில் மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். பொந்துள்ள பழைய மரத்தை வெட்டவிடாமல் காக்கலாம்.

கேள்வி: கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார்களே? (ராயபுரம்)

பதில்: ஆகாதது எலிக்கு. கூகையின் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை; ஒன்று சற்று மேலே, ஒன்று சற்று கீழே. ஒலி இரண்டு காதையும் அடையும் நுண்ணிய வேறுபாட்டை வைத்து, கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடத்தை அது துல்லியமாகக் கண்டுபிடிக்கும். துறைமுகக் கிடங்கும் அரிசி மண்டியும் பழைய கட்டடங்களும் நிறைந்த பகுதிக்கு இதைவிட நல்ல காவலாளி இல்லை. சகுனத்தை நம்பிக் கல்லெறிவதும், மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பதும் எலிக்குச் செய்யும் உபகாரம்.

கேள்வி: செல்போன் கோபுரம் வந்துதான் சிட்டுக்குருவி போய்விட்டதா? (மூலக்கொத்தளம்)

பதில்: அதற்கு உறுதியான சான்று இல்லை. ஓட்டு வீட்டின் இடுக்கும் சுவர்ப் பொந்தும் போய், கண்ணாடியும் வழவழச் சுவரும் வந்தன. கூடு கட்ட இடமில்லை. குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் ஆகாது, புழுபூச்சிதான் வேண்டும். செடியும் புதரும் இல்லாத தெருவில் அதுவும் இல்லை. பள்ளி மாணவர்களைக் கொண்டு மரப்பெட்டிக் கூடுகள் செய்ய வைக்கும் சென்னையின் கூடுகள் அறக்கட்டளையைப் பற்றி 2024 நவம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் பேசினார். பெட்டி வைப்பவர் கவனிக்க வேண்டியவை: வாசல் துளை சுமார் 3.2 சென்டிமீட்டர் போதும், அதற்குமேல் பெரிதானால் மைனா நுழையும். வெயிலும் மழையும் நேராகப் படாத இடம், பூனைக்கு எட்டாத உயரம். பக்கத்தில் மின்விசிறி கூடாது.

கேள்வி: பைனாகுலர் வாங்கக் காசில்லை. பறவை பார்க்க முடியுமா? (திருவொற்றியூர்)

பதில்: கண்ணும் காலை நேரமும் போதும். ராயபுரம் ராபின்சன் பூங்காவிலோ தெரு முனை அரசமரத்தடியிலோ காலை 6 மணி முதல் 8 மணிக்குள் இருபது நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் காகம், மைனா, புறா, கிளி, தவிட்டுக்குருவி என்று தெரிந்தவற்றை எழுத வேண்டும். பெயர் தெரியாத பறவையா? உருவம் எந்தப் பறவை அளவு, அலகு எப்படி, வாலை ஆட்டுகிறதா, என்ன தின்கிறது என்று குறிக்க வேண்டும். மெர்லின் என்ற இலவசச் செயலி படத்தையும் குரலையும் வைத்துப் பெயர் சொல்லும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து இ-பேர்டு தளத்தில் பதிந்தால் அந்தக் குறிப்பு ஆராய்ச்சிக்குப் பயன்படும். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் நடத்தும் நடைகளில் புதியவர்களும் சேரலாம்.

கேள்வி: பூநாரை பார்க்கப் பழவேற்காடு போக வழி? (மாதவரம்)

பதில்: புறநகர் ரயிலில் பொன்னேரி வரை, அங்கிருந்து பஸ். ஏரியின் தமிழகப் பகுதி 1980-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். பூநாரைக்கு ரோஜா நிறம் தருவது அது தின்னும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறமி. படம் எடுப்பதற்காகப் படகை விரட்டிக் கூட்டத்தைக் கிளப்பிவிடச் சொல்லக் கூடாது. வலசைக்குச் சேர்த்துவைத்த தெம்பு அதில் வீணாகிறது. தலையைத் தூக்கிப் பறவை மேய்வதை நிறுத்தினாலே போதிய அளவு நெருங்கியாயிற்று என்று பொருள்.

கேள்வி: ஆலைகளும் துறைமுகமும் இருக்கும் ஊரில் தனி மனிதர் என்ன செய்துவிட முடியும்? (எண்ணூர்)

பதில்: ஊர் சேர்ந்தால் நிறைய. வேடந்தாங்கல் மக்கள் வெள்ளையர் காலத்திலேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று போராடி, 1798-இல் அரசின் அங்கீகாரம் பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமானது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப்பட்டியைச் சுற்றியுள்ளவர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

எண்ணூருக்கும் வழி உண்டு. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், தமிழில் திட்டச் சுருக்கமும் தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் "இங்கே பறவை இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, தேதி, இடம், பறவையின் பெயர், எண்ணிக்கையோடு மூன்று ஆண்டுக் குறிப்பை நீட்டினால் அது பதிவாகும், பதிலும் சொல்லியாக வேண்டும். ஆற்றில் எண்ணெய்ப் படலமோ சாம்பலோ தெரிந்தால் நேரத்தோடு படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். பொழுதுபோக்காகத் தொடங்கும் பறவைக் குறிப்பேடுதான் கழிமுகத்தைக் காக்கும் சாட்சி ஆவணம். அதை எழுத வடசென்னையில் எவருக்கும் தகுதி உண்டு.