அப்பாவைக் கூட்டிட்டு வா

ஒன்பதாம் வகுப்புப் பையன் பெஞ்சை உடைக்கிறான். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று உத்தரவாகிறது. அப்பா வருகிறார். தலைமை ஆசிரியர் அறையில், பத்துப் பேர் பார்க்க, பையன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடுகிறார். "கோபத்தை அடக்கத் தெரியாதாடா நாயே?" என்று கேட்கிறார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் திருப்தி. கோபத்தை அடக்குவது எப்படி என்ற பாடம் நடத்தி முடிந்தது. செயல்முறை விளக்கத்துடன்.

2022இல் தமிழ்நாட்டில் மாணவர்கள் ஆசிரியரை மிரட்டும், மேசை நாற்காலியை நொறுக்கும் வீடியோக்கள் வரிசையாக வெளிவந்தன. அரசு சீறியது. ஒழுங்கீனம் செய்தால் டிசியிலேயே காரணத்தை எழுதி அனுப்பிவிடுவோம் என்றார் பள்ளிக் கல்வி அமைச்சர். சரி. அப்பாவின் நடத்தையை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர், முரட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கே ஆளனுப்பிக் கவனித்தார். 1982இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் கண்டது இதுதான்: அம்மா கத்துகிறார். பிள்ளை அதைவிடக் கத்துகிறான். அம்மா ஓய்ந்துபோய் விட்டுவிடுகிறார். உச்சத்தில் கத்துபவனுக்கே வெற்றி என்று பிள்ளை தெரிந்துகொள்கிறான். மறுநாள் அம்மா இன்னும் உரக்கத் தொடங்குகிறார். இப்படித் தினமும் நடக்கும் பயிற்சி இது. பள்ளிக்கூடம் அரங்கேற்ற மேடை மட்டும்தான்.

நாமோ செல்போனைப் பிடித்துக்கொண்டோம். சினிமாவைப் பிடித்துக்கொண்டோம். வாத்தியார் கையில் பிரம்பு இல்லாமல் போனதே காரணம் என்று டீக்கடையில் தீர்ப்பெழுதினோம். வீட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அது புனிதமாம்.

அந்தப் புனிதத் தலத்துக்கு இரவு பத்து மணிக்கு அப்பா எப்படித் திரும்புகிறார்? அரசைக் கேளுங்கள், கணக்கு வைத்திருக்கிறது. 2024-25இல் டாஸ்மாக் ஈட்டிக்கொடுத்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மது வீட்டுக்குக் கேடு என்று அச்சடித்து, அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கும் அரசு இது. 21 வயது ஆகாதவர்களுக்கு விற்பதில்லையாம். என்ன பொறுப்பு! தட்டு பறக்கும்போது மூலையில் ஒடுங்கியிருக்கும் பிள்ளைக்கு வயது என்ன என்று எந்தக் கடையும் கேட்பதில்லை. அடுத்த அடி எங்கிருந்து வரும் என்றே பார்த்து வளர்ந்தவன், வகுப்பில் யாரோ சும்மா முறைத்தாலும் கையை ஓங்குகிறான். அவனுக்குப் பெயர் 'பொறுக்கி'.

குடிக்காத வீடுகள் பெருமைப்பட வேண்டாம். அங்கே பாட்டிலுக்குப் பதில் மதிப்பெண் பட்டியல். எதிர்வீட்டுப் பையன் வாங்கிய மார்க்குக்காக நம் பிள்ளையுடன் மூன்று நாள் பேசாத தாய்மார்களை நமக்குத் தெரியாதா? அழுதால் "ஆம்பளைப் பிள்ளை அழலாமா". பயந்தால் "பொட்டை". ஆண்பிள்ளைக்கு நாம் அனுமதித்திருக்கும் ஒரே உணர்ச்சி கோபம். அதைப் பள்ளியில் காட்டினால் டிசி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வெட்டியவர்களில் கூடப் படித்த பையன்களும் உண்டு. பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த வெறுப்பை யார் சொல்லிக்கொடுத்தது? இதை ஆராய நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது என்றது. உடனே சில கட்சிகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை வெட்டுப்பட்டபோது வராத ஆவேசம், கயிற்றுக்கு வந்தது.

பள்ளி வாசலில் கயிற்றை அறுத்துவிடலாம். காலையில் அதைக் கட்டி அனுப்பிய கைகளுக்கு ஓட்டு இருக்கிறது. அந்தக் கைகளை எந்தக் கட்சியும் தொடாது.