மைக், இருமல், வெள்ளி விழா

இப்போது வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படக்குழு கூடி, மாலை போட்டுக்கொண்டு, கேக் வெட்டி வெற்றி விழா கொண்டாடிவிடுகிறது. திங்கள் காலை ‘இத்தனை கோடி வசூல்’ என்று போஸ்டர். அடுத்த வெள்ளி அந்தத் தியேட்டரில் வேறு படம். தாலி கட்டிய மறுநாளே சஷ்டியப்தபூர்த்திக்குப் பத்திரிகை அடிப்பது மாதிரி இருக்கிறது.

எண்பதுகளில் எங்களுக்குக் கோடியெல்லாம் தெரியாது. நாள் கணக்குதான் தெரியும். 25, 50, 75, 100 என்று போஸ்டரில் எண் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் 25 வாரம், அதாவது 175 நாள் ஓடினால் வெள்ளி விழா. ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழேழு எவ்வளவு என்று கேட்டால் கூரையைப் பார்க்கிற பையன்கூட இருபத்தைந்து ஏழு நூற்றெழுபத்தைந்து என்று தூக்கத்தில் சொல்வான்.

இந்தக் கணக்கிலும் தில்லுமுல்லு உண்டு. பெரிய தியேட்டரில் கூட்டம் குறைந்தால் பெட்டியைத் தூக்கிச் சின்ன தியேட்டரில் போடுவார்கள். அதற்கு ‘ஷிப்டிங்’ என்று பெயர். அங்கேயும் ஆள் வராவிட்டால் காலைக் காட்சி ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் நாளை மட்டும் விடாமல் எண்ணுவார்கள். தொண்ணூற்றிரண்டாம் நாள் வரை இழுத்துக்கொண்டு வந்த படத்தைத் தூக்க எந்தத் தியேட்டர்காரருக்குத் துணிச்சல் வரும்? வாசலில் ரசிகர் மன்றம் நிற்குமே. கடைசி வாரத்து டிக்கெட்டுகளை மன்றத்துப் பையன்களே வாங்கிக் கிழித்துப் போட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, இயக்குநர் மணிவண்ணன் 1984-இல் தன் படத்துக்கே ‘நூறாவது நாள்’ என்று பெயர் வைத்துவிட்டார். ரிலீசான காலையிலேயே ஊர்ச் சுவரெல்லாம் நூறாவது நாள்! அவருக்கும் முன்னோடி உண்டு. 1972-இலேயே கே.பாலசந்தர் ஜெமினி கணேசனை வைத்து ‘வெள்ளி விழா’ என்றே ஒரு படம் எடுத்திருக்கிறார்.

சரி, இந்த நாள் கணக்கு யுகத்தின் ராஜா யார்? ரஜினி என்பீர்கள், கமல் என்பீர்கள். ‘முரட்டுக்காளை’யையும் ‘சகலகலா வல்லவ’னையும் நானும் விசிலடித்துப் பார்த்தவன்தான். இருந்தாலும் என் ஓட்டு மோகனுக்கு. வெள்ளி விழா நாயகன் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் இன்னும் சுருக்கமாக ‘மைக் மோகன்’ என்றார்கள்.

உடுப்பிக்காரர். பி.வி.காரந்தின் நாடகப் பட்டறையிலிருந்து வந்தவர். பாலுமகேந்திரா 1977-இல் எடுத்த ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்தில் அறிமுகம். தமிழுக்கு ‘மூடுபனி’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ என்று அடக்கமாகத்தான் வந்தார். 1982-இல் ஆர்.சுந்தர்ராஜன் என்ற புது இயக்குநர், கோவைத்தம்பி என்ற தயாரிப்பாளர், இளையராஜா எல்லாரும் சேர்ந்து அவர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’. படம் முடிந்தும் அந்த மைக்கை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. ‘உதயகீத’த்தில் தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறைக்குப் போனார், அங்கேயும் பாடகர்தான். ‘இதயக்கோயி’லிலும் பாடகர். அது மணிரத்னம் எடுத்த படம். தமக்கே திருப்தியில்லாத படம் என்று பிற்பாடு அவர் சொல்லியிருக்கிறார். அவருக்குத் திருப்தியில்லாவிட்டால் போகட்டும், எங்கள் ஊர் மைக் செட்காரருக்குப் பரம திருப்தி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மோகன் வாயசைத்தார், பாடியது பெரும்பாலும் எஸ்.பி.பாலசுப்ரமணியம். சரி, எல்லா நாயகர்களுக்கும் அப்படித்தானே என்பீர்கள். பேசியதும் அவர் இல்லை. அந்த மென்மையான, தொண்டையில் லேசாகத் தேன் தடவின குரல் எஸ்.என்.சுரேந்தருடையது. கிதாரை அணைத்துக்கொண்டு நின்றார், வாசித்தது வேறொருவர். குரலைக் கழித்து, பாட்டைக் கழித்து, கிதாரையும் கழித்தால் மோகனுக்கு மிச்சம் என்ன? ஒரு சிரிப்பு, ஒரு கோட்டு, மைக்கைப் பிடிக்கிற லாகவம். இதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்றுதான் அன்றைக்குப் பல தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். வேறு முகங்களின் கையில் மைக்கைக் கொடுத்தும் பார்த்தார்கள். அவர்கள் மைக்கைப் பிடித்தால் ஏலம் விடுகிறவர்கள் மாதிரி இருந்தது. மோகன் பிடித்தால் பாட்டு அங்கேயே பிறந்து வருகிற மாதிரி இருந்தது. பாடாத பாட்டைப் பாடியதாக நம்பவைக்கிறவன்தானே நடிகன்? இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முக்கியமாக அப்பா. அவர் எம்.ஜி.ஆர். கட்சி, சினிமாவிலும், அதற்கு வெளியிலும். ‘பயணங்கள் முடிவதில்லை’யை டூரிங் டாக்கீசில் பாதிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“ஏன்டா, இவன் சண்டையே போட மாட்டானா?”

“இது காதல் படம்ப்பா.”

“வாத்தியார் மட்டும் காதலிக்கலையா? காதலிச்சுக்கிட்டே நாலு பேரை அடிக்கலையா?”

அதற்குப் பதில் கிடையாது. அப்பாவின் காலத்துப் படங்களுக்குப் பின்னால் அரசியலும் சபதமும் இருந்தன. 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியே வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதாகவும், படம் வந்ததும் ரசிகர்கள் அவருக்குச் சேலை சேலையாக அனுப்பியதாகவும் அப்பா சொல்லாத தீபாவளி இல்லை. ஒவ்வொரு வருஷமும் சேலைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கடைசியாக நான் கேட்டபோது ஒரு லாரி நிறைய ஆகியிருந்தது.

மாமா சிவாஜி கட்சி. அவர் வேறு கணக்கு வைத்திருந்தார். “நவராத்திரி பாத்தியா? ஒரே டிக்கெட்டுல ஒன்பது சிவாஜி! உங்க வாத்தியார் அதிகபட்சம் ரெண்டு.” சிவாஜியின் நூறாவது படம் எது என்பதில் நடந்த தகராறும் மாமாவுக்கு மனப்பாடம். 1964 தீபாவளிக்கு ‘நவராத்திரி’யும் ‘முரடன் முத்து’வும் ஒரே நாளில் வந்தன. முன்னதே நூறாவது என்று ஆனதில் மற்றதை எடுத்த பி.ஆர்.பந்துலுவுக்கு வருத்தம். அவர் எம்.ஜி.ஆரிடம் போனார், மறுவருஷமே ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்துவிட்டது. “எங்க ஆளு தொண்ணூத்தொன்பதுன்னு சொன்னவரைத்தான் உங்க ஆளு ஆயிரத்துக்குக் கூட்டிட்டுப் போனார்” என்று மாமா பல்லைக் கடிப்பார். நாள் மட்டுமல்ல, எண் என்று எது கிடைத்தாலும் அன்றைக்குச் சண்டைக்கு ஆகும்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் உண்மையான வசூல் நிபுணர் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அத்தை. எந்தப் பத்திரிகையின் விமர்சனமும் அவளுக்குத் தேவையில்லை. எல்லாம் முந்தானைக் கணக்கு. ஒரு நுனி நனைந்தால் படம் சுமார். பாதி நனைந்தால் நூறு நாள் உறுதி. கொட்டகைக்கு வெளியே வந்து பிழிய வேண்டியிருந்தால் வெள்ளி விழா. சொன்னால் நம்ப மாட்டீர்கள், விநியோகஸ்தர்கள் அத்தையைக் கேட்டுக்கொண்டு படம் வாங்கியிருந்தால் பலருக்கு வீடு மிஞ்சியிருக்கும்.

அத்தையின் பொன்னான வருஷம் 1982. அந்த வருஷம் தமிழ்நாட்டு நாயகர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ‘வாழ்வே மாய’த்தில் கமலுக்கு, ‘பயணங்கள் முடிவதில்லை’யில் மோகனுக்கு. இரண்டிலும் சிகிச்சை ஒன்றுதான். காதலியிடம் உண்மையைச் சொல்லக் கூடாது; அவளாக வெறுத்து ஒதுங்கும்படி நடந்துகொள்ள வேண்டும்; கடைசி ரீலில் உண்மை தெரிய வேண்டும். இரண்டும் சக்கைப்போடு போட்டன. அந்த வருஷம் முழுக்க யாராவது லேசாக இருமினாலே அத்தை கைக்குட்டையை வாங்கிப் பார்ப்பாள். எனக்குச் சாதாரண ஜலதோஷம் வந்தபோதுகூட, “ஏன்டா, யாரையாவது நெனச்சுக்கிட்டு இருக்கியா?” என்று ரகசியமாகக் கேட்டாள்.

அத்தை அழுததற்குத் தியேட்டரும் ஒரு காரணம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விநியோகஸ்தர் பாஷையில் சி சென்டர். பட்டணத்தில் வெள்ளி விழாக் கேடயம் கொடுத்து முடித்த பிறகுதான் எங்கள் கீற்றுக் கொட்டகைக்குப் பெட்டி வரும். அதற்குள் பிரிண்ட் முழுக்கக் கோடு விழுந்து, படம் தொடங்கியதிலிருந்து வணக்கம் வரை அடைமழை. நட்டநடு வெயிலில் பாடுகிற மோகன் மேலும் மழை. நாயகி குடையை விரித்தால்தான் கதையிலும் மழை என்று புரிந்துகொள்வோம். கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு மெஷின். சில ரீல் ஓடியதும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அதனால் படத்துக்கு மூன்று இடைவேளை. மோகன் மேடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்குகிற நேரம் பார்த்து விளக்கு எரியும். “முறுக்கேய், கடலேய், சோடா கலர்!” என்று பையன் உள்ளே வருவான். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு ஒரு பொட்டலம் கடலை வாங்குவாள். விளக்கு அணைந்ததும் விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடருவாள். ஒரு சொட்டுக்கூட வீணாகாது.

மோகன் எப்போதும் இப்படிச் சாகிறவராக மட்டும் இருந்துவிடவில்லை. ‘நூறாவது நாள்’ படத்தில் கொலைகாரர். ‘விதி’யில் பெண்ணை ஏமாற்றுகிறவர். ‘விதி’யை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. தெலுங்கிலிருந்து வந்த கதை, 1984-இல் கே.பாலாஜி தயாரித்தார், ஆரூர்தாஸ் வசனம். நீதிமன்றத்தில் சுஜாதாவும் ஜெய்சங்கரும் வாதாடுவார்கள். அந்த வசனம் கேசட்டாக வந்து, டீக்கடை, சலூன், பஸ் என்று ஒலிக்காத இடமில்லை. எங்கள் ஊர் மைக் செட்காரர் அதைக் கல்யாண வீட்டிலும் போட்டுவிட்டார். வாழைமரம் கட்டிய பந்தலில் மணப்பெண்ணை அழைத்து வருகிறார்கள். தென்னைமரத்துக் குழாயில் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியவனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெண் வீட்டார் மட்டும் கேசட்டை நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ‘மௌன ராகம்’ வந்தபோது பையன்களெல்லாம் கார்த்திக் பக்கம் சாய்ந்தார்கள். ஓடினார், கத்தினார், மாமனார் ஆகப்போகிறவரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மோகனோ கட்டிய மனைவி விவாகரத்துக் கேட்டால்கூட மௌனமாக வாங்கிக் கொடுக்கிற ரகம். ஆனால் பெண்ணைப் பெற்றவர்களின் ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான் விழுந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் ‘டெல்லியில் வேலை’ என்றால் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை.

பிற்பாடு மைக் கைமாறியது. 1989-இல் ராமராஜன் தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு வந்தார். கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’. நம்ம ‘தில்லானா மோகனாம்பாள்’தான், நாதஸ்வரத்தை இறக்கிவிட்டுக் கரகத்தை ஏற்றியிருந்தார்கள். மதுரையில் அது ஓடிய ஓட்டத்தில் வெள்ளி விழா என்பதே அரைக்கிணறுதான். வாழைப்பழக் கணக்கைச் செந்திலிடம் கேட்டுக் கவுண்டமணி நொந்துபோனதைப் பார்த்து அப்பாவும் மாமாவும் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

எந்தப் படம் ஓடும் என்று எவருக்குமே தெரியாது என்பதற்குச் சின்னப்பா தேவர் கதை ஒன்று போதும். 1967-இல் யானைகளை வைத்துத் ‘தெய்வச் செயல்’ எடுத்தார், ஓடவில்லை. அதே கதையை ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்று எடுத்தார், நாடே பார்த்தது. திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ என்றார், அதுவும் ஓடியது. கதையில் பெரிய மாற்றமில்லை. யானைகளுக்கும் ஒன்றும் நடிப்பு கூடிவிடவில்லை.

மறுபடி மோகனுக்கு வருகிறேன். அவர் 2024-இல் ‘கோட்’ படத்தில் விஜய்க்கு வில்லனாக வந்தார். விஜய் யார்? மோகனுக்குக் குரல் கொடுத்த சுரேந்தரின் சகோதரி வழி மருமகன். விஜய்யின் அம்மா ஷோபா சந்திரசேகர் சுரேந்தரின் உடன்பிறந்தவர். அதாவது தாய்மாமன் குரலில் வருஷக்கணக்காகக் காதல் பேசியவர், அந்த மருமகனிடமே மோதினார். எங்கள் தெருவில் இந்த உறவுமுறையை நான் விளக்கினால் இளவட்டங்களுக்குப் புரிவதில்லை. வசூல் எத்தனை கோடி என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல அத்தையும் இப்போது இல்லை.