பசைமையிலிக் கட்டுச்சோற்றியல்

மாணாக்க! இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், டுரியான் துங்காலினின்று புறப்படும் ஒருவர் கோதுமை தீண்டாது சென்று, உண்டு, மீளும் நெறி நுதலிற்று. டுரியான் துங்கால் என்பது மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தின்கண் உள்ள ஊர். பால்மரமும் செம்பனையும் அதன் சூழல். அதற்கு ஓர் அணையும் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உள. பல்கலைக்கழகம் கட்டுச்சோற்றுக்குப் புறம்பானது. அணை பின்னர் வரும்.

1. பெயர் வரையறை

1.1 பசைமை: கோதுமை, வாற்கோதுமை, ரை என்னும் மூன்று கூலங்களில் உறையும் புரதத்தொகுதி. கோதுமையில் இது கிளையடின், குளூட்டனின் என இரு கூறுபடும். மாவை நீர்விட்டுப் பிசைய இரண்டும் பின்னி வலையாகும். வலை வளியைச் சிறைப்படுத்த, ரொட்டி பொங்கும். ரொட்டி சானாய் வீசுவார் கையில் மாவு கிழியாது விரிவதும் இவ்வலையின் ஆற்றலே. சிலர்க்கோ இப்புரதம் உடலின் காவற்படையை அவர்தம் சிறுகுடல்மேலேயே ஏவிவிடும்; உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்துபோம். அந்நோய் சீலியாக் எனப்படும். அதற்கு வாழ்நாள் முழுதும் பசைமை விலக்கலே மருந்து. கோதுமையே இந்நோயைத் தூண்டுவது என்பதை வில்லெம் கரெல் டிக்கே என்னும் மருத்துவர் 1950இல் உத்ரெக்டில் அளித்த ஆய்வேட்டில் காட்டினார். 1641இல் மலாக்காவைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் குடியிற் பிறந்தவராதலின், அவர் நமக்கு அயலார் அல்லர் என்க.

1.2 பசைமையிலி: பசைமை அற்ற உணவு. முற்றும் அறுதல் வேண்டுமோ எனின், கோடெக்ஸ் என்னும் உலக உணவுநெறித் தொகுதி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்னும் எல்லை வகுத்தது. அதனைத் தாண்டாதது பசைமையிலி. கண்ணாலும் நாவாலும் இவ்வளவை அறிதல் இயலாது.

1.3 வழியூண்: வீட்டிற் கட்டி வெளியில் அவிழ்ப்பது.

2. வழியூணின் பாகுபாடு

வழியூண் தன்னியல், திரியியல், செய்யியல் என மூவகைப்படும்.

2.1 தன்னியலூண்: பிறப்பிலேயே பசைமை அறியாதது. இது நால்வகைத்து.

2.1.1 அவித்தன: இட்டலி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை. இவற்றுள் இடியாப்பம் நண்பகலில் நூலாக உலரும். புட்டு குண்டுகுழிச் சாலையில் மீண்டும் மாவாகும். நல்லெண்ணெயும் பொடியும் பூசிய இட்டலியே வழிக்கு ஆற்றுவது. அவித்தனவற்றுக்கு நீர் முதற்கருவி. 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி மாநிலமே நீருக்கு அல்லலுற்றது. அத்தகைய ஆண்டு மீண்டும் வருமாயின் 2.1.3இல் வரும் லெமாங்கை நாடுக.

2.1.2 வார்த்தன: தோசையும் ஆப்பமும். தோசை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும். ஆப்பம் அடுக்கினால் நடுப்பஞ்சு அமுங்கித் தன் பெயர்க்கு உரிமை இழக்கும்.

2.1.3 அடைத்தன: லெமாங், கெத்துப்பாட் என்னும் மலாய்ச் சோறுகள். முன்னது மூங்கிலுள் வாழையிலை சுருட்டி, புளுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்து, தணல்முன் சாய்த்து வேவிப்பது. பின்னது தென்னங்குருத்துப் பின்னலுள் அரிசியிட்டு வேவிப்பது. கலமும் கட்டும் ஒன்றேயாதலின் கட்டுச்சோற்றின் முழுமை இவையே. கெத்துப்பாட்டை 2.1.1இல் சேர்க்கலாகாதோ எனின், ஆகாது. அவித்தன ஆவியில் வேவன. கெத்துப்பாட் கொதிநீரில் மூழ்கி வேவது.

2.1.4 அகழ்ந்தன: மரவள்ளி, சீனிவள்ளி, சேம்பு. மரவள்ளியைப் பச்சையாக உண்ணற்க. அதில் நஞ்சுண்டு, நன்கு வேகவைத்தாலன்றி நீங்காது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது தோட்டத்து மக்களின் உயிரைத் தாங்கியது இக்கிழங்கே. முதியோர் சிலர் அதன்பின் வாழ்நாளெல்லாம் அதனைத் தொட மறுத்தனர். இன்று அங்காடியின் அயல்நாட்டு அலமாரியில் ஒரு சிறு பொட்டலப் பசைமையிலி ரொட்டி விற்கும் விலைக்கு ஒரு கூடை மரவள்ளி வாங்கலாம். ரொட்டியின் மூலப்பொருள் வரிசையைப் படித்துப் பார்க்க. அங்கும் மரவள்ளி மாவு முன்னிற்றல் உண்டு. ஆதலின் தன்னியலூணுள் அகழ்ந்தனவே தலை.

2.2 திரியியலூண்: தன்னியல்போல் தோன்றிப் பசைமை மறைத்தது. இது கரவு, ஒட்டு என இருவகைத்து.

2.2.1 கரவு: பொருளுள்ளே ஒளிந்தது. இதன் உட்பிரிவு மூன்று.

(அ) பெருங்காயக்கரவு: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது. எனவே மாசற்றதென நம்பப்படும் சாம்பாரும் உளுந்துவடையும் ஐயத்துக்கு உரியன.

(ஆ) கிச்சாப்புக்கரவு: சோயாச் சாறு பலவற்றில் கோதுமையும் ஊறியிருக்கும். பீஹூனும் கொய்த்தியாவும் அரிசியிற் பிறந்தனவேனும், வாணலியில் கிச்சாப் விழுந்த நொடியில் குலம் மாறுவன.

(இ) முளைக்கரவு: மைலோவில் வாற்கோதுமை முளைச்சாறும், ஹார்லிக்சில் அதனுடன் கோதுமையும் உள. பசியாறும் பொழுது குவளையை உணவெனக் கருதாமையே இக்கரவின் வலிமை.

2.2.2 ஒட்டு: அயலிலிருந்து பற்றியது. இது கல்லொட்டு, எண்ணெயொட்டு என இருவகைத்து. ரொட்டி சானாய் சுட்ட கல்லிலேயே தோசை வார்த்தல் கல்லொட்டு. மைதா மாவிற் புரட்டிய வாழைப்பழம் பொரிந்த எண்ணெயிலேயே முறுக்குப் பிழிதல் எண்ணெயொட்டு. கல்லைத் துடைத்தேன் என்று கடைக்காரர் கூறின், எத்துணியால் துடைத்தீர் என வினவுக. விடை வாராதாயின் எழுந்து வணங்கி வெளியேறுக.

2.3 செய்யியலூண்: கோதுமைக்குரிய வடிவைப் பிற மாவால் வீட்டில் வெதுப்பி ஆக்கியது. இது எழாதன, எழுவன என இருவகைத்து.

2.3.1 எழாதன: பொங்கவேண்டாதவை; ஆதலின் வலையும் வேண்டாதவை. முதலாவது குவே பங்கிட். மரவள்ளி அல்லது சவ்வரிசி மாவைப் பாண்டான் இலையோடு வெறுஞ்சட்டியில் ஈரம் போக வறுத்து, ஆறியபின் தேங்காய்ப்பாலும் முட்டைக்கருவும் சேர்த்து அச்சிலிட்டு வெதுப்புக. வாயிலிட்ட அளவில் கரைவது தேர்ச்சி. பல்லைத் தேடுவது தோல்வி. இரண்டாவது பிங்கா ஊபி. துருவிப் பிழிந்த மரவள்ளியில் தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் கூட்டி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை வெதுப்புவது. ஆறவிட்டே அறுக்க வேண்டும். சூட்டில் அறுப்பார்க்குக் கூழே கிடைக்கும். காட்டுவழிக்கு இதனினும் ஏற்றது பிறிதில்லை. நசுங்கினும் அது தன் வடிவே.

2.3.2 எழுவன: ரொட்டியும் கேக்கும். பசைமை வலை இன்மையின் முட்டை, இசப்கோல் உமி, சாந்தான் பிசின் என்பவற்றுள் ஒன்றேனும் பலவேனும் அதன் பணியை ஏற்கும். ஏற்க மறுப்பின் விளையும் வீழ்ச்சி மூன்று: நடுக்குழிவு, மணலுதிர்வு, செங்கற்றன்மை. முதலிரண்டும் உண்ணத்தக்கன. மூன்றாவதை மலையேறுவோர் கூடாரத்து முனையில் வைத்துப் பயன்கொள்க.

3. நிலப்பாகுபாடு

வழியூண் எந்நிலத்து அவிழ்க்கப்படும் என்பதற்கேற்ப ஐந்திணை கொள்க.

3.1 குறிஞ்சி: ஜொகூர் எல்லைக்குள் நின்று மலாக்காவை நோக்கும் லேடாங் மலை, உயரம் 1,276 மீட்டர். ஊண் லெமாங். உரிப்பொருள் ஏறல், இறங்குகையில் முழங்கால் நோதல்.

3.2 முல்லை: ஆயர் குரோவின் நிலைத்திணைத் தோட்டமும் அதன் காடும். ஊண் பொடி இட்டலி. உரிப்பொருள் இருத்தல், குரங்கு வருங்கால் எழுதல்.

3.3 மருதம்: ஊரைச் சூழ்ந்த பழத்தோப்பு. டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் தன்னியலன, ஆய்வு வேண்டா. உரிப்பொருள் ஊடல், கடைசிச் சுளை குறித்து.

3.4 நெய்தல்: தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலானால் சூழப்பட்டும் மலாக்காவுக்கே உரிய முனை. மார்ச்சுத் திங்களை ஒட்டிச் சுமத்திராவிலிருந்து நீரிணை கடந்துவரும் பருந்துகளை ஈண்டுக் காணலாம். ஊண் சுட்ட மீன், கிச்சாப் நீங்கலாக. உரிப்பொருள் அண்ணாந்து நோக்கல். அக்கால் ஊணைக் காக்கை கவர இரங்கல்.

3.5 பாலை: வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, சிறப்பாக ஆயர் குரோவில் சாலையின் குறுக்கே பாலம்போல் நிற்கும் உணவகம். நீர் உண்டு, நிழல் உண்டு, குளிரூட்டியும் உண்டு, பசைமையிலி அரிது. உரிப்பொருள் பிரிதல். எதனைப் பிரிதல் எனின், பிறர் தட்டை.

4. விருந்துப்பசைமை

இது நிலத்தாலும் பொருளாலும் அன்றி உறவால் வருவது. உரைக்கும் வாய்பாட்டால் மூவகைத்து.

4.1 சிறுமையுரை: “ஒரு வாய்தானே அய்யா, ஒண்ணும் ஆகாதுலா.” அத்தைமார்க்குரியது.

4.2 பழமையுரை: “எங்க காலத்துல இந்த நோயெல்லாம் ஏது?” மாமாமார்க்குரியது. அக்காலத்துத் தட்டில் மரவள்ளி இருந்தமையை 2.1.4 காட்டி மறுக்க.

4.3 பெருமையுரை: “உனக்குன்னே கோதுமை போடாம பண்ணுனேன், கொஞ்சம் மைதாதான்.” இஃது அன்பு மிக்கார்க்குரியது. மைதாவும் கோதுமையே என்பதை உடனே உரைத்தால் உறவு கெடும். உரையாவிடின் குடல் கெடும். ஆதலின் பொட்டலம் கட்டித் தருமாறு வேண்டி, வழியில் உடல்நலமுடையார் ஒருவர்க்கு ஈக.

5. புறனடை

இங்குக் கூறிய வகைகளுள் அடங்காத ஊண் ஒன்று எதிர்ப்படின், அதனை வெறுக்கவும் வேண்டா, விரும்பவும் வேண்டா. மூலப்பொருள் அறிந்து, கல்லும் எண்ணெயும் வினவி, உரிய வகையின்கீழ் எண்ணிட்டு எழுதிக்கொண்ட பின்னரே வாய் திறக்க. வரிசையில் பின்னிற்பார் விரைவுபடுத்தின், அவர்க்கும் இவ்வியலை முதலிலிருந்து ஓதுக.