சிவப்பழகும் வெடித்த கன்னமும்

குன்னூரில் மார்கழி பிறந்தால் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உறைகிற எண்ணெய் அது. எங்கள் ஊரிலோ வருஷத்தில் பெரும்பாலான நாள் அதற்கும் கீழேதான். அதனால் வாய் குறுகிய புட்டியில் யாரும் எண்ணெய் வாங்கமாட்டார்கள். அகன்ற வாய் டப்பாவிலிருந்து கரண்டிக் காம்பால் சுரண்டியெடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, அம்மா எங்கள் தலையில் வைப்பார். மீந்தது கை, கால், முழங்காலுக்கு. முகத்துக்கு மட்டும் கிடையாது.

"எண்ணெய் வழியற மூஞ்சியோட பள்ளிக்கூடம் போவியாடி?"

எண்பதுகளில் எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் இதைத்தான் சொன்னார்கள். முகம் மினுமினுத்தால் அது வீட்டில் கவனிக்க ஆளில்லாத பிள்ளை. ஆகவே காலையில் ஒரு தரம், பள்ளிவிட்டு வந்ததும் ஒரு தரம், குளியல் சோப்பை நுரைக்க நுரைக்கப் போட்டு முகத்தைத் தேய்த்துவிடுவார்கள். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது; அதன் பிஎச் 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரண சோப்புக்கோ 9, 10. தோலில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் கொழுப்பை அது அழுக்கோடு சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும். குளிர்காற்றில் ஏற்கெனவே ஈரம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் கன்னம் என்ன ஆகும்?

முதலில் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். இரண்டொரு நாளில் சொரசொரக்கும். பிறகு கன்னத்தின் மேட்டில் செக்கச்சிவந்த திட்டு, அதன்மேல் மெல்லிய கீறல்கள். சிரித்தால் இழுக்கும், அழுதால் கண்ணீர் பட்டு எரியும். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பனியில் நடந்து வந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். சில வீடுகளில் நீலகிரித் தைலத்தைத் தொட்டுத் தடவுவார்கள், சளிக்குக் கேட்கிறதே என்று. வெடித்த தோலில் தைலம் பட்டால் அந்தப் பிள்ளை துடிக்கும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முகத்துக்கென்று அலமாரியில் ஒன்று இருக்கத்தான் செய்தது: ஸ்நோ. பம்பாயில் 1919-இல் இ. எஸ். பட்டன்வாலா தொடங்கிய ஆப்கான் ஸ்நோ அந்தப் பழக்கத்தை நம் நாட்டு வீடுகளில் பரப்பியது. ஸ்டியரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட அந்த வகைக் கிரீம், பூசியதும் முகத்தில் தெரியாமல் மறைந்துபோகும். மேலே பவுடர் ஒட்டும். எண்ணெய்ப்பசை தெரியக்கூடாது என்று நினைக்கிற முகத்துக்காகச் செய்தது. வறண்ட முகத்துக்கு அது போதாது. பின்னால் ஸ்நோ போய், 1975-இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு கிரீம் அந்த இடத்தைப் பிடித்தது. கன்னம் வெடித்த பெண்ணிடம் நம் கடைவீதி நீட்டியது அதைத்தான். அவளுக்குக் காந்தல் தீர வேண்டும். கடைக்காரர் நிறம் மாறும் என்கிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இத்தனைக்கும் அந்த உறைந்த எண்ணெய் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பருக்கள் வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, துளைகளை அடைக்கும். ஆனால் வறண்டு அரிக்கிற குழந்தைத் தோலுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தருவதாகப் பிற்பாடு ஆய்வுகளே காட்டின. முழங்காலுக்குக் கிடைத்தது கன்னத்துக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என் அக்கா மகளைப் பார்க்கிறேன். பெங்களூரில் வேலை, நாள் முழுக்க ஏசி. போன பொங்கலுக்கு வந்தவளின் மூக்கோரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. பையைத் திறந்தால் நுரைக்கிற ஃபேஸ்வாஷ், ஆசிட் டோனர், வைட்டமின் சி செரம், ஹயலூரோனிக் ஜெல். ஒவ்வொன்றும் ஒரு புடவை விலை.

"எல்லாமே தேடித் தேடி வாங்கினதுதான் சித்தி. அப்பவும் முகம் இழுக்குது, எரியுது."

கோயம்புத்தூரில் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் முகத்தை விளக்கொளியில் பார்த்துவிட்டு, பையில் இருந்த அத்தனையையும் நிறுத்தச் சொன்னார். மேல்தோல் செங்கல் சுவர் மாதிரியாம். செல்கள் செங்கல், நடுவிலிருக்கும் செராமைடு போன்ற கொழுப்புகள் பூச்சு. பூச்சு உதிர்ந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் கசிந்து ஆவியாகும். நல்ல மாய்ஸ்சரைசர் மூன்று வேலை செய்ய வேண்டும். கிளிசரின், யூரியா மாதிரிப் பொருள்கள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். செராமைடு இடைவெளியை நிரப்பும். பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியானவை மேலே மூடி, ஆவியாகாமல் காக்கும். வெறும் ஜெல்லைப் பூசிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்தால் மூடுவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்குப் போதவில்லை. வாசனை சேர்க்காத கெட்டிக் கிரீம், நுரைக்காத மென்மையான ஃபேஸ்வாஷ், பகலில் சன்ஸ்கிரீன். அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தார்.

பூசுகிற நேரத்தைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். முகம் கழுவியதும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பே போதும். இதற்குக் காசு செலவில்லை. முதலில் சொல்லித்தர வேண்டியது இது. விளம்பரத்தில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார்: "மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஏதாவது டியூப் போட்டீங்களாம்மா?" நல்லவேளை, இவள் போடவில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நிறத்துக்கென்று மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிய, வெயில் பட்டாலே எரியும் முகத்தோடு வருகிற பெண்கள் ஏராளமாம். 2018-இல் அப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று ஆணை வந்தது. தெரியாத டியூப் எதையும் முகத்தில் வைக்காதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துச் சொல்லுகிறேன்.

எனக்கும் இப்போது வறட்சிதான். மாதவிடாய் நின்றபின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைந்துவிடுகிறது. அவளுக்கு எழுதிய கிரீமையே நானும் பூசுகிறேன். காற்று அதிகமான இரவுகளில் அதன்மேல் துளி பெட்ரோலியம் ஜெல்லி. 1872-இல் காப்புரிமை வாங்கிய பொருள்; சின்ன டப்பா நூறு ரூபாய்கூட இல்லை. அக்கா மகளின் மூக்கோரம் மாசிக்குள் ஆறிவிட்டது. ஆனால் அவளுடைய செல்போனில் விளம்பரங்கள் ஓயவில்லை. 'பிரைட்டனிங்', 'குளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே நிறத்தைத்தான் விற்கின்றன. சிவப்பழகுக் கிரீமின் பெயரிலிருந்தே 2020-இல் வெள்ளைநிறச் சொல் போய்விட்டது, ஆசை போகவில்லை.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முகம் முழுக்க மெல்லிய வரிகள், குளிரில் அரிப்பு. கிரீமை எடுத்துப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "வேணாண்டி, எண்ணெய் வழியற மாதிரி இருக்கும், நாலு பேர் வர்ற இடம்." இப்போதைக்கு ராத்திரி மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம்.