ரசீது கொடுப்பாரா ஏஜெண்ட்?

கே: மகன் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. ஒன்பதாவதோடு நின்றவன். சவூதி போக ஆசை. பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று போட்டிருக்கிறார்களே, ஏதாவது குற்றமா?
– ஒரு தந்தை, பேர்ணாம்பட்டு

ப: குற்றமில்லை ஐயா, காவல். பத்தாவது தேறாதவர் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் இ-மைக்ரேட் தளத்தில். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் விடுவார்கள். 10 லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். "அதெல்லாம் எதுக்கு, விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதோடு போகட்டும் செலவு.

கே: ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். நியாயமா?
– வாசகர், வாணியம்பாடி

ப: சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. பாக்கி 1,14,600க்கு ரசீது கேட்டுப் பாருங்கள். "மேலே கொடுக்கணும்" என்பார். மேலே இருப்பவருக்கு ரசீது புத்தகம் கிடையாது! பதிவு எண்ணையும் இ-மைக்ரேட்டில் தேடிப் பாருங்கள். பதிவு வாங்க, பெரிய ஏஜெண்ட் 50 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். பைக்கில் வந்து வாசலில் நின்று பாஸ்போர்ட் வாங்கிப் போகிறாரே, அவர் 'சப் ஏஜெண்ட்'. சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. ஊரில் தெருவுக்கு ஒருவர்.

கே: எனக்கு 27 வயது. ஸ்டிச்சிங்கில் இருக்கிறேன், எட்டாவது படிப்பு. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகலாமா?
– சகோதரி, ஆம்பூர்

ப: இப்போதைக்கு முடியாதம்மா. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது நிரம்ப வேண்டும். அதன் பிறகும் அரசு நிறுவனம் வழியாகத்தான். நம் மாநிலத்தில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978 முதல் இருக்கிறது. இந்த வயது வரம்பில் எனக்கு உடன்பாடில்லை. அரசு வாசலைச் சாத்தினால் சப் ஏஜெண்ட் ஜன்னலைத் திறக்கிறார். அதற்காக அந்த ஜன்னலில் ஏறிக் குதித்துவிடாதீர்கள்.

கே: எச்-1பி விசாவுக்கு டிரம்ப் ஒரு லட்சம் டாலர் போட்டுவிட்டாரே?
– பொறியியல் மாணவர், வேலூர்

ப: 2025 செப்டம்பரில் உங்களுக்கு. அதற்கு முந்தின மாதமே விசா கேட்காத ஆம்பூர் ஷூவுக்கு 50 சதவீத வரி போட்டார். மனிதர் பாரபட்சம் பார்ப்பதில்லை.

கே: பட்டதாரி தம்பிக்கு கம்போடியாவில் 'டேட்டா என்ட்ரி' வேலையாம். அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, குடியாத்தம்

ப: உண்மைதான், பயமே அங்கேதான். கம்போடியா அந்த 18 நாடுகளில் இல்லை, தம்பியும் பட்டதாரி. ஆகவே யாரும் ஒப்பந்தத்தைப் பார்க்க மாட்டார்கள். கணினி மோசடிக் கூடங்களில் சிக்கித் திரும்பியவர்களில் படித்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. பத்தாவது தேறியவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று விதி போட்டவர்கள் நினைத்துவிட்டார்கள்.

கே: புதுச் சட்டம் வருகிறதாமே?
– தோல் தொழிலாளி, மேல்விஷாரம்

ப: 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் ஒரு வரைவு, 2021இல் ஒன்று, 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட வரைவு மூன்றாவது. மாற்ற வேண்டியதுதான். பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் பழைய சட்டத்தில் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய். ஆம்பூரில் ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிட்டு எழுந்தால் ஆகிற பில்! ஆனால் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. மற்ற வழக்குகளுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஏமாந்தவரோ அவருடைய தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகளோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. அபராதத்தை எத்தனை லட்சத்துக்கு வேண்டுமானாலும் ஏற்றட்டும், இந்த உரிமை போய்விட்டால் பிரயோஜனமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் மூன்றும் வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. அந்த ஒரு பிரிவை விடாதீர்கள் என்று அவரவர் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள்.