புழுத் தீவனம் விற்பது எப்படி?

மீன் தீவனத்தில் ஈப்புழுவைச் சேர்த்து விற்கப் போகிறீர்களா? முதலில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "ஆத்துல மீனு என்னங்க திங்குது? பூச்சி புழுவைத்தானே!" இதற்கு மறுபேச்சு கிடையாது. தூண்டில் முள்ளில் மண்புழு கோத்துப் பழகிய எவருக்கும் தலை தானாக ஆடிவிடும். ஆடும்போதே பில்லைப் போட்டுவிடுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "சரிப்பா, உங்க புழு என்ன திங்குது?" இந்தக் கையேடு முழுவதும் அந்த இரண்டாம் கேள்வியிடம் மாட்டிக்கொள்ளாமல் பிழைப்பது பற்றியது.

எந்தப் பூச்சி என்பதில் குழப்பம் வேண்டாம். வீட்டு ஈக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. பிளாக் சோல்ஜர் ஃபிளைதான் சரி. வளர்ந்த ஈ கடிக்காது, நம் இலையில் வந்து உட்காராது, ஏறக்குறைய எதையுமே தின்னாது. ஒரு வாரம் போல உயிரோடு இருந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுச் சாகும். தின்கிற வேலையெல்லாம் புழுப் பருவத்தில். முட்டை பொரிய நாலு நாள், கொழுக்க இரண்டு மூன்று வாரம். முற்றியதும் நிறம் கறுத்து, தீனியை விட்டுத் தானாகவே மேலேறி வெளியேறும். சரிவாக ஒரு பலகை சாத்திவைத்தால் ஊர்ந்து வந்து வாளியில் விழும். கூலி கேட்காமல் தன் அறுவடைக்குத் தானே வந்து சேரும் ஒரே கால்நடை. காய்ந்த எடையில் சுமார் 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் கொழுப்பு. போடும் தீனியைப் பொறுத்து இது மாறும் என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டாம்.

கால்நடை என்று கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி வளர்ப்புப் பூச்சியும் பண்ணை விலங்குதான், மாடு பன்றி வரிசையில். 2017 ஜூலையிலிருந்து ஏழு வகைப் பூச்சிகளின் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தார்கள். 2021இல் பட்டுப்புழுவும் பட்டியலில் ஏறியது. ஆனால் பண்ணை விலங்கு என்று சொன்ன அதே வாயால், மற்றப் பண்ணை விலங்குகளுக்குப் போடக் கூடாததைப் புழுவுக்கும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாணம் கூடாது, ஹோட்டல் எச்சில் கூடாது, கசாப்புக் கழிவு கூடாது. எல்லாம் சூடு கண்ட பூனையின் புத்தி. 1986இல் பிரிட்டனில் மாடுகளுக்குப் பைத்திய நோய் வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கால்நடைகளின் இறைச்சி, எலும்புத் தூளை மாட்டுக்கே தீனியாகப் போட்டதில் பரவிய நோய் அது. பிறகு மனிதருக்கும் வந்தது. அதிலிருந்து தீவனம் என்றாலே அவர்களுக்கு உதறல்.

அந்த நோயைப் பரப்பும் பிரியான் பூச்சியின் உடம்பில் பெருக வாய்ப்பில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. இந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் மாட்டுங்கள். மேற்கொண்டு படிக்காதீர்கள். படித்தால், தீனியில் இருந்த வில்லங்கத்தைப் புழு தன் குடலில் சுமந்து வரலாம் என்பதும் கண்ணில் படும். அறுவடைக்கு முன்பு புழுவை ஒரு நாள் பட்டினி போட்டால் குடல் காலியாகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கிலோக் கணக்கில் விற்கிற சரக்குக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? வயிற்றோடு அரையுங்கள், எடை நிற்கும்.

இனி தீனி. விடியற்காலையில் கறிக்கடை வாசலைப் பாருங்கள். நீல டிரம் நிறையக் கோழித் தோலும் குடலும் இறகும், மேலே ஒரு கோணிச் சாக்கு, அதன் மேல் நாய் ஏறாமலிருக்க ஒரு கல். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கடைக்காரர் கெஞ்சுவார். வண்டி வாடகையும் கொடுப்பார். அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்த்தவர்கள் இந்த டிரம்மை நேரே குட்டையில் கவிழ்த்தார்கள், பேர் கெட்டது. நீங்கள் நடுவில் ஒரு புழுவை நிறுத்துகிறீர்கள். உடனே அதற்குச் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் வந்துவிடுகிறது, கருத்தரங்கில் சால்வையும் கிடைக்கிறது. கோழிக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் குடலோடு வருமா என்று யாரும் மேடையில் கேட்பதில்லை. நைட்ரோஃபியூரான் எச்சத்துக்காக நம் இறால் சரக்குகள் வெளிநாட்டுத் துறைமுகங்களில் மறுக்கப்பட்ட கதையைத் தெரிந்தவர்கள் கேட்கலாம். அவர்களை முன்வரிசையில் உட்காரவைக்காதீர்கள்.

"நாங்கள் சுத்தமான தவிடும் பிண்ணாக்கும்தான் போடுகிறோம்" என்று வீறாப்பாகச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் ரோகுவும் கட்லாவும் காலங்காலமாக நேரடியாகவே தின்று வளர்கின்றன. அதை முதலில் புழுவுக்குப் போட்டு, புழுவைக் காயவைத்து, எண்ணெய் பிழிந்து, அரைத்து, பிறகு மீனுக்குப் போட்டால் ஒவ்வொரு படியிலும் காசு கரையும். பிரான்சில் பிரம்மாண்டமான புழு ஆலை கட்டி, கோடி கோடியாக முதலீடு திரட்டிய இன்செக்ட் நிறுவனம் 2024இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு நின்றது. தீனி சுத்தமாக இருந்தால் விலை கசக்கிறது, மலிவாக இருந்தால் கேள்வி வருகிறது. இந்தத் தொழிலின் லாபமும் ஆபத்தும் அதே டிரம்மில்தான் இருக்கின்றன. முதலீட்டாளருக்குக் காட்டும் படத்தில் டிரம்மை மூடியோடு காட்டவும்.

பூஞ்சைபிடித்த பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடலாமா என்று கேட்பீர்கள். இங்கே புழுவுக்கு ஒரு சபாஷ் போட்டாக வேண்டும். அஃப்ளாடாக்சின் கலந்த தீனியைத் தின்றாலும் இந்தப் புழு அதை உடம்பில் சேர்த்துவைப்பதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதை மட்டும் தைரியமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் காட்மியத்துக்குப் போகாதீர்கள். காட்மியத்தைப் புழு விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். தீனியில் இருந்ததைவிடப் புழுவில் அதிகமாகக் கூடச் சேரும். நார்வேயின் பெர்கன் நகரில் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் புழுவுக்குப் பழுப்புக் கடற்பாசியைப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரணமாக இந்தப் புழுவின் கொழுப்பில் மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 மிகக் குறைவு. பாசி தின்ற புழுவில் அது கூடியது, அயோடின் கூடியது. கூடவே காட்மியமும் ஆர்சனிக்கும் கூடின. உங்கள் விளம்பரத்துக்கு முதல் இரண்டும் போதும்.

காயவைப்பதில் மின்சாரச் செலவை மிச்சம்பிடிக்க மொட்டை மாடி இருக்கிறது. வற்றல் காயப்போடுவது போலப் பாயில் பரப்பி, காக்கைக்கு ஒரு கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது. வெயிலில் காய்ந்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று நீங்களே நம்பினால்தான் மற்றவரை நம்பவைக்க முடியும். சால்மோனெல்லா சரியான சூட்டுக்கு அடங்கும், வெறும் காய்ச்சலுக்கு அடங்காது. பாசில்லஸ் சீரியஸின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். இதைக் கேட்ட வேலையாள் முகமூடி கேட்டால், அது வேறு விஷயத்துக்கு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். உண்மையிலேயே வேறு விஷயத்துக்குத்தான்: பூச்சித் தூளைத் தினமும் சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வருவதுண்டு. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களை அரவை மிஷின் பக்கமே விட வேண்டாம். இரண்டிலும் இருக்கும் புரதம் நெருங்கிய சொந்தம்.

கொழுப்பு காறிப்போவதைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூலெடுத்த பிறகு உள்ளே மிஞ்சுகிற கூட்டுப்புழு பழைய காலத்து மீன் தீவனம். புரதமும் கொழுப்பும் தாராளம். தர்மபுரி, ஓசூர்ப் பக்கம் நூற்பு ஆலைகளைக் கடந்து பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும், ஜன்னலை மூடினாலும் இரண்டு கிலோமீட்டர் கூடவே வரும். ஜப்பானில் இந்தக் கூட்டுப்புழுவைக் கெண்டைக்குப் போட்டு வளர்த்தார்கள். நாட்பட்ட புழுவின் கொழுப்பு காறி, அதைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை வற்றிக் கத்தி போல மெலிந்தது. செகோகே என்று அந்த நோய்க்குப் பெயர். பரிசோதித்தால் அந்த மீன்களுக்குச் சர்க்கரை நோய்! பிறகு வைட்டமின் ஈ சேர்த்துச் சரிசெய்தார்கள். கிருமி இல்லை, விஷம் இல்லை, வெறும் பழைய எண்ணெய். ஆகவே உங்கள் கிடங்கில் மூட்டை அடுக்கும்போது பழைய சரக்கை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வையுங்கள். பழையது முதலில் போகும். எங்கே போகும் என்பது வாங்குகிறவர் கவலை.

நேரடி விற்பனைக்கு ஒரு மாதிரி உரையாடல். டெல்டா பக்கத்துக் குட்டைக்காரர், கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறவர்.

"தம்பி, இந்தப் புழு எதைத் தின்னு வளருது?"

"எல்லாம் இயற்கைங்க ஐயா."

"இயற்கைன்னா சாணியும் இயற்கைதான்."

"மட்குற பொருள்ங்க ஐயா. சயின்டிஃபிக்கா பண்றோம்."

"அதான், என்ன பொருள்?"

"ஐயா, போன போகத்துல குஞ்சு எவ்வளவு விட்டீங்க?"

பேச்சைக் குஞ்சுக்குத் திருப்பிவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். ஏரேட்டர், கரண்ட் கட், கொக்குத் தொல்லை, வியாபாரி எடையில் அடித்தது என்று அவரே பேசுவார். அதற்குள் மூட்டை வண்டியிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

சான்றிதழ் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள், ஆனால் எந்த நாள் சரக்கு என்பதில் கவனம் தேவை. ஆயுத பூஜைக்கு மறுநாள் மிகவும் உத்தமம். வருஷத்தில் அன்றைக்குத்தான் மிஷின் கழுவித் துடைத்து, சந்தனம் பொட்டெல்லாம் வைத்துப் பளிச்சென்று இருக்கும். ஐரோப்பிய விதிகளில் ஒரு முறை இருக்கிறது, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முப்பது உற்பத்தி நாட்கள் தினமும் மாதிரி எடுக்க வேண்டும், 25 கிராமில் சால்மோனெல்லா கண்ணில் படக் கூடாது, ஒரு கிராமில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் இருக்கக் கூடாது. முப்பது ஆயுத பூஜைக்கு யாரால் காத்திருக்க முடியும்?

புழு தின்று மிச்சம் வைத்ததும் அதன் எச்சமும் சேர்ந்த கழிவை உரமாக விற்கலாம். அதற்கும் ஐரோப்பாவில் 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கச் சொல்கிறார்கள். இங்கே மாடித் தோட்டக்காரர்கள் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், இரண்டு கிலோ பாக்கெட்டில் போட்டு ஒரு கத்தரிச் செடிப் படம் ஒட்டினால் போதும்.

ஏற்றுமதிக்குத் துணிந்தால் மட்டும் ஒரு படிவம் வரும். அதில் புழுவுக்கு என்ன தீனி போட்டீர்கள், யாரிடம் வாங்கினீர்கள், எந்தத் தேதியில் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். குஞ்சு விட்ட கதையெல்லாம் அங்கே எடுபடாது. தவிடு வாங்கிய பில்லை நகலெடுத்து இணைக்கவும். பில் இல்லாதவர்கள் உள்ளூரிலேயே விற்றுக்கொள்ளலாம்.