இடது பக்க மேல் மூலை

"காத்தடிச்சாலும் சம்பளம் வாற வேலையாப் பாரு மகன்."

வாப்பா எனக்குத் தந்த தொழில் ஆலோசனை மொத்தமும் இவ்வளவுதான். கல்பிட்டிக் கரையில் கண்டக்குழியில் பிறந்தவனுக்கு இதற்கு உரை தேவையில்லை. வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் எங்கள் கடல் மூடிவிடும். வள்ளத்தைத் தென்னைக்குக் கீழே ஏற்றிக் கட்டுவோம். நீர்கொழும்பிலும் சிலாபத்திலுமிருந்து வந்து வாடி போட்டிருந்தவர்கள் கிடுகைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு களப்பில் கிடைக்கிற நாலு இறாலும் கடைக்காரரின் கடன் கொப்பியும்தான் சீவியம். காற்று ஐப்பசியில்தான் மாறும். அதுவரை உம்மாவின் ஆணத்தில் மீனை விடத் தண்ணீர் கூட.

ஆகவே நான் காற்றில்லாத இடத்தில் வேலை தேடினேன். காற்றில்லாத இடம் என்றால் கந்தோர்.

அந்தக் காலத்தில் வேலை தேடுவதே ஒரு வேலை. அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமை வெளியாகும். கல்பிட்டியில் ஒரு மாஸ்டர் வீட்டுக்கு அது வந்துசேரும்போது அடுத்த வெள்ளி நெருங்கியிருக்கும். அவர் வாசித்து முடித்த பிறகு திண்ணையில் குந்தியிருந்து, கடைசியில் போட்டிருக்கும் மாதிரிப் படிவத்தை அடிமட்டம் வைத்துக் கீறி எடுப்போம். கோடு கோணினால் வேலை கிடைக்காது என்பது எங்கள் நம்பிக்கை. எல்லா அறிவித்தலின் அடியிலும் ஒரே கட்டளை இருக்கும்: கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதவேண்டும். வலது பக்கம் முத்திரைக்கு, நடு துரைக்கு, இடது மேல் மூலை நமக்கு. ஐந்து வருடத்தில் அந்த மூலையில் நான் எழுதாத பதவி இல்லை. ஒருமுறை, எழுத்து நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காகவே, தகுதியில்லாத ஒரு பதவிக்கும் அனுப்பினேன்.

பரீட்சைப் பெறுபேற்றின் பிரதியில் சமாதான நீதவான் ஒப்பம் வேண்டும். கிராம சேவகரிடம் நற்சாட்சிப் பத்திரம் வேண்டும். எங்கள் சமாதான நீதவான் எதையும் உரத்து வாசித்துவிட்டே ஒப்பம் வைப்பார். ஒரு படிவத்தில் தகப்பனின் தொழில் என்று ஓர் இடம் இருந்தது. நான் "வியாபாரம்" என்று எழுதியிருந்தேன். அதையும் வாசித்தார். பக்கத்தில் வாப்பா நின்றார். கையில் அன்றைக்குப் பிடித்த ஒரு கோர்வை மீன், ஒப்பத்துக்கு மரியாதையாகக் கொண்டுவந்தது. நீதவான் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒப்பம் வைத்தார். வழியெல்லாம் வாப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "என்ன வியாபாரம் எண்டு கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

தகுதியும் ஒப்பமும் இருந்தால் போதுமா? ஆள் வேண்டும். 1978இல் அரசாங்கம் தொழில் வங்கி என்று ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு எம்.பி.க்கும் ஆயிரம் விண்ணப்பப் படிவங்களைக் கொடுத்தது. படிவம் கிடைப்பதே வேலை கிடைத்த மாதிரி. என் நானாவுக்கு ஒரு படிவம் எடுக்க எங்கள் வீட்டு வெள்ளாடு கட்சிக்காரர் ஒருவரின் வீட்டுக்கு நடந்து போனது. படிவம் வந்தது, நிரப்பினார், போனது. வேலை மட்டும் வரவில்லை. ஆடும் வரவில்லை. இப்போது இதற்கு "நெட்வேர்க்கிங்" என்று பெயர். லிங்க்டினில் முன்பின் தெரியாதவரிடம் போய் உங்கள் பயணம் எனக்கு உந்துதல் என்று எழுதவேண்டுமாம். ஆடு செலவாவதில்லை என்பது முன்னேற்றம்தான்.

நானா பிறகு சவூதிக்குப் போனார். அதற்குமுன் கொழும்பில் ஒரு ஏஜென்டிடம் உம்மாவின் காப்பை விற்ற காசைக் கட்டினார். அடுத்த தடவை போனபோது அந்த அறையில் தையல்காரர் ஒருவர் இருந்தார். அப்போது எங்கே முறையிடுவதென்று எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. இன்றைக்கு ஏஜென்டின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கேட்கிறவர்கள்தான் குறைவு. கேட்டால் ஏஜென்ட் கோவித்துக்கொள்வாராம்.

எனக்கு 1986இல் இலிகிதர் வேலை கிடைத்தது. புத்தளம் பஸ்ஸில் பாலாவி தாண்டும்போது இனிக் காற்று நம்மை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். கந்தோரில் ஃபேன் இருந்தது. அது அடித்தாலும் சம்பளம் வந்தது. ஆனால் நிரந்தரமாகவும் சம்பளம் ஏறவும் வினைத்திறன் தடைகாண் பரீட்சை, அதோடு சிங்களம். எழுத்தில் தப்பிவிட்டேன். வாய்மொழிப் பரீட்சை நடத்தியவர், உங்கள் ஊரைப்பற்றிச் சிங்களத்தில் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் சிலாபத்து வாடிக்காரரிடம் கற்றது. வலை இழுக்கும்போது பேசுகிற சிங்களம். ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். மூன்றாவதில் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். சித்தியடைந்தேன். கடலைவிட்டு ஓடவென்று எழுதிய பரீட்சையில் என்னைக் கரைசேர்த்தது கடற்கரைக் கெட்டவார்த்தை என்பதை வாப்பாவிடம் சொல்லவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்தார்கள். மன்னார்ப் பக்கத்துச் சனம் படகுகளில் எங்கள் கரையில் இறங்கியது. ஆசிரியரும் கந்தோர்க்காரரும் கூட உடுத்த துணியோடு நின்றார்கள். சான்றிதழ் எல்லாம் அலுமாரிக்குள், அலுமாரி ஊரில். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போன ஒரு கணக்கு வாத்தியாருக்குப் பெறுபேற்றுப் பிரதி எடுக்கப் பரீட்சைத் திணைக்களத்துக்கு நான் கடிதம் எழுதினேன். பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். என் உத்தியோகக் காலத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்தக் கடிதங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குச் சம்பளம் தரவில்லை. அன்றுமுதல் என் சான்றிதழ்கள் ஷொப்பிங் பேக்கில் சுற்றி, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன.

2022இல் நாடு கவிழ்ந்தது. எந்த வேலைக்காக ஆடும் மீனும் ஐந்து வருடக் கடித உறையும் செலவழித்தோமோ, அந்த வேலைக்காரர்களைப் பார்த்து அரசாங்கமே சொன்னது: விரும்பினால் ஐந்து வருடம்வரை சம்பளமில்லாத விடுமுறை எடுத்து வெளிநாடு போங்கள், மூப்பும் ஓய்வூதியமும் கெடாது. அறுபத்தைந்தாக உயர்த்தியிருந்த ஓய்வு வயதையும் மீண்டும் அறுபதாக இறக்கினார்கள். டிசம்பர் 31ஆம் திகதி அறுபது கடந்தவர்களோடு நானும் வெளியே வந்தேன். பிரியாவிடையில் சுவர்க்கடிகாரம் தந்தார்கள்.

அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எங்கள் படகு என்ஜின்கள் குடிப்பது மண்ணெண்ணெய். தங்கச்சியின் மகன் படகைக் கரையில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"மாமா, ஒரு சீவி அடிச்சுத் தாங்க."

முப்பத்தாறு வருட இலிகிதர் அல்லவா, சுயவிபரக்கோவை தயாரித்தேன். முழுப்பெயர், மதம், விவாகநிலை, அடையாள அட்டை இலக்கம், உறவினரல்லாத இருவரின் பெயர், "சுறுசுறுப்பும் நேர்மையும் மிக்கவன்". மூன்று பக்கம். அவன் போனிலேயே அழித்து அரைப் பக்கமாக்கினான். மிஞ்சியது: ஒன்பது வருடம் கடல், இருபத்தைந்து குதிரைவலு என்ஜின் ஓட்டவும் திருத்தவும் தெரியும், இரவில் ஆள் மீட்டது இரண்டு தடவை, தமிழ், சிங்களம், வேலைக்குப் போதுமான ஆங்கிலம். தலைப்புக்குக் கீழே ஒரு வரி அவனாகச் சேர்த்தது: "தேர்ட் ஜெனரேஷன் பிஷர்மேன்."

"இத என்னத்துக்குப் போடுற?"

"வெள்ளைக்காரருக்கு அதுதான் மாமா விருப்பம்."

வியாபாரம் என்று எழுதிய கையால் அந்த வரியில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

அவனுக்குக் கிடைத்த வேலை எங்கே தெரியுமா? எங்கள் கரையில்தான். யுத்தம் முடிந்த பிறகு, 2010ஐ ஒட்டி, பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் கடல்மேல் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கைட் சேர்ஃபிங். அவர்களுக்கு முக்கியப் பருவம் வைகாசி முதல் புரட்டாதிவரை, அதாவது எங்கள் பட்டினிக் காலம். வாப்பா தென்னோலையையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக் காற்றைச் சபிப்பார். மருமகன் காலையில் போனைப் பார்த்து, "இருபத்திரெண்டு நொட், அல்ஹம்துலில்லாஹ்" என்கிறான். கைட் முகாம்காரர் அவனுடைய அரைப் பக்கத்தைக் கூட வாசிக்கவில்லையாம். மீட்புப் படகைக் காட்டி, வெளியே இழுபட்டுப்போன ஒருவரை ஏற்றிவரச் சொன்னார். அதுதான் நேர்முகப் பரீட்சை. இரண்டு பருவம் படகு ஓட்டிவிட்டு, பிறகு ஐ.கே.ஓ. என்கிற சர்வதேச கைட் அமைப்பின் உதவிப் பயிற்றுநர் சான்றிதழுக்குப் படித்தான். நீந்தத் தெரியாமல் சான்றிதழோடு வந்த நகரத்துப் பொடியன்கள் கரையில் பட்டம் மடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வாப்பா இருந்திருந்தால் இதை நம்பியிருக்கமாட்டார். காற்றடித்தால் மட்டும் சம்பளம் வாற வேலை.

நான் சும்மா இருக்கவில்லை. பருவம் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, என்ஜின் வேலைக்கு என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கச் சொன்னேன். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காமல் தொழிலில் கற்றதையே சோதித்துச் சான்றிதழ் தருகிற வழி அதில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். செய்த வேலைகளின் படம், வேலை கொடுத்தவரின் கடிதம், வருடக் கணக்கு எல்லாம் சேர்த்து ஒரு கோவை வேண்டும். படிவத்தில் "தொழிலைக் கற்ற நிறுவனம்" என்ற இடத்தில் அவன் பேனாவோடு நின்றான். என்ஜின் திருத்தக் காட்டிக்கொடுத்தது என் வாப்பா. கரையில், பழைய சாக்கின்மேல் நட்டும் போல்ட்டும் பரப்பி, ஒன்று தொலைந்தால் மண்டையில் ஒரு குட்டு.

"கண்டக்குழி எண்டு போடு" என்றேன். போட்டான்.

உறையை என்னிடம் நீட்டினான். இருபத்தெட்டு வயதில் அவன் தொட்ட முதல் கடித உறை அதுவாக இருக்கவேண்டும்.

"ஸ்டாம்ப் எந்தப் பக்கம் மாமா?"

வலது பக்கம் காட்டினேன். இடது பக்க மேல் மூலையில் நானே எழுதினேன், அடிமட்டம் வைத்து. கல்பிட்டி தபால் கந்தோரில் பதிவு செய்துவிட்டு வெளியே வந்தால் ஓலை ஆடவில்லை. காற்று விழுந்திருந்தது. மருமகன் போனைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேலை இல்லை என்றான்.